இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு

நான் தொடங்கிய வேலைகள் நிறைய. முடித்தவை மிகக் குறைவு. நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். கண்டி பட்டணத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசையப் போய் ஆறு மாதத்தில் விட்டேன். தச்சு வேலை பழகப் போனேன். இழைப்புளியை நேராகப் பிடிக்க வந்த உடனே அதுவும் சலித்துவிட்டது. பிறகு மாட்டுவண்டிகளோடு சேர்ந்துகொண்டேன். மாத்தளை, கம்பளை, தெல்தெனிய என்று வண்டி போகும் இடமெல்லாம் போனேன். எங்கே போனாலும் திரும்பி வந்து படுக்க ஓர் இடம் இருந்தது. அது மஹய்யாவையில் என் அக்காவின் வீடு.

வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்பங்கரை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எட்டு வீடுகளில் மூன்றாவது. அத்தான் நகரசபைத் தெருவேலைக்காரர். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா விடியும் முன்பே எழுந்து ஆப்பம் சுட்டு வாசலில் வைத்து விற்றாள். வேலைக்குப் போகிற ஆட்களும் கந்தோர் கிளார்க்குமாரும் வாங்கிப் போவார்கள். வருடக்கணக்காக விறகுப் புகை பிடித்து அந்த வீட்டின் சுவர்கள் அடுப்பங்கரையில் தார் பூசியது போலவும், முன்னறையில் பழுத்த புகையிலை நிறத்திலும் இருந்தன. நான் அந்தச் சுவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலத்தில் அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். முதலில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு ஆட்களைக் குரல் வைத்துக் கண்டுபிடித்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் என் காதைப் பார்த்துப் பேசினாள். "என் காதுல என்னக்கா இருக்கு?" என்று கேட்டால், "அழுக்கு" என்பாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைக்கார டொக்டர் ஒரு சிறிய கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி அவள் கண்ணுக்குள் பார்த்தார். இங்கிலீசில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அங்கே மருந்து கலக்கிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்து ஐயாதான் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர் எங்கள் தெருவில் குடியிருந்தவர். தினமும் அக்காவிடம் ஆப்பம் வாங்குகிறவர்.

"கண்ணுக்கு அடியில இருக்கிற நரம்பு வாடிப்போச்சாம், தங்கச்சி. வெட்டியும் சுகமாக்கேலாது, கண்ணாடி போட்டும் சரிவராது எண்டு சொல்லுறார்."

"அப்ப முழுசா இருட்டாயிடுமா ஐயா?"

"அப்பிடிச் சொல்லேல்லை. இருக்கிறது இருக்கும். அதை வச்சுத்தான் சமாளிக்க வேணும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்துத் தண்ணீர் கன்னத்தில் வழிந்திருந்தது. "சரி. நாளைக்கி ஐயாவுக்கு எத்தன ஆப்பம்?" என்றாள்.

செய்தி ஹந்தானை மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தானின் தம்பி அங்கே தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறைக் காம்பராவில் மனைவி மக்களோடு இருந்தார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்துவிட்டார்.

"மதினி, அண்ணன் இல்ல. நாளைக்கி நீங்க அடுப்புல விழுந்துட்டீங்கன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். பேசாம மலைக்கி வந்துருங்க. நாங்க குடிக்கிற கஞ்சியில ஒங்களுக்கும் ஒரு வாய்."

"எனக்கு இங்க என்ன கொறச்சல் தம்பி?"

"கண்ணுதான் கொறச்சல்."

அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் பேசி, கடைசியில் கிறிஸ்து பிறப்புப் பண்டிகையைக் கெடுவாக வைத்து அவரே ஒரு வழிக்கு வந்தார். "சரி, நத்தார் வரைக்கும் பாப்போம். நத்தாரன்னிக்கி நாங்க எல்லாரும் வர்றோம். ஒங்க கையால எங்களுக்குக் கோப்பி ஊத்திக் குடுங்க. நல்லா இருக்கீங்கன்னா அப்பறம் நான் இதப்பத்தி வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா மறுபேச்சுப் பேசாம வந்துரணும்."

அக்கா சரி என்று வாக்குக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அங்க போனா நான் மூலையில வச்ச மூட்டைதான்டா. இங்க நான் ஆப்பக்காரி."

மறு ஞாயிறு யாழ்ப்பாணத்து ஐயா வீட்டுக்கே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அக்கா ஆப்பச்சட்டியின் விளிம்பை விரலால் தடவிச் சுட்டுக்கொண்டதை அவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"எது தெரியேல்லை எண்டு எல்லாரும் கேட்டிருப்பினம். உமக்கு எது தெரியுது எண்டு சொல்லும், பாப்பம்."

அக்கா யோசித்தாள். அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. "சட்டியில மாவு ஊத்துனா வெள்ளையா ஒரு வட்டம் தெரியும் ஐயா. வாசல் தெரியும். ஒங்க வேட்டி தெரியுது. தலதான் தெரியல."

"என்ர தலை உந்தச் சுவரோட சேர்ந்துபோச்சுதாக்கும்" என்று அந்தக் கறுத்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதலில் படிக்கட்டைப் பார்த்தார். முன்னறையிலிருந்து அடுப்பங்கரைக்கு இறங்க இரண்டு கல்படிகள். அவற்றிலும் கரி. ஒரு சிரட்டையில் சுண்ணாம்பு கரைக்கச் சொன்னார். நான்தான் கரைத்தேன். படி விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுக்கச் சொன்னார். காய்ந்ததும் அக்காவை இறங்கச் சொன்னார். ஒரு மாதமாகப் பெருவிரலால் துழாவித் துழாவி இறங்கியவள், கையை வீசிக்கொண்டு இறங்கினாள். திரும்பி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"போதும், படி தேயப்போகுது" என்றார் ஐயா. "இனி உந்த அடுப்பங்கரையைப் பாப்பம். தம்பி, நீரும் இருந்து கேளும்."

நான் இருக்கவில்லை. தெல்தெனியவுக்கு உப்புக் கருவாடு ஏற்றிய வண்டி சந்தியில் நின்றது. வண்டிக்காரன் காத்திருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். உண்மையில் அவன் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேதான் இருந்தான். அவனோடு உட்கார்ந்து நான் சுருட்டுக் குடித்தேன்.

மூன்று மாதம் கழித்து, நத்தாருக்கு முந்திய மாதம் முடிகிற சமயத்தில்தான் திரும்பினேன். ஐயா மாற்றலாகி மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டிருந்தார். அக்கா வேறு ஆளாக இருந்தாள். அடுப்படியில் பழைய வேகம் வந்திருந்தது. வெள்ளை எனாமல் கோப்பைகள் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கின. அவள் திரும்பாமலே கை நீட்டி எடுத்தாள். கத்திப் பிடியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. மாவை முன்பு இருந்த வெள்ளை வாளியிலிருந்து கறுத்த மண்பானைக்கு மாற்றியிருந்தாள். அவள் இருக்கும் பலகை, வாசல் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தது. எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

"நத்தாருக்கு வரட்டும் கொழுந்தனாரு" என்றாள். "ஊத்துறேன் பாரு, கோப்பி."

இதையெல்லாம் நான் பார்த்தேன். ஏன் அப்படி என்று கேட்கவில்லை. என் மனதில் இருந்தது நான் இழுத்த சுண்ணாம்புக் கோடு. அந்த ஒரு கோடுதான் இத்தனையும் செய்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு விரல் வெள்ளையே இவ்வளவு செய்யுமானால் வீடு முழுக்க வெள்ளையாக இருந்தால் எவ்வளவு செய்யும்? அரைகுறையாகக் கேட்டுக்கொண்டவனின் கணக்கு அது.

சந்தர்ப்பமும் வந்தது. ஹந்தானையில் கொழுந்தனாருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு அக்காவை ஞானத்தாயாக இருக்கக் கேட்டிருந்தார்கள். அவள் போய் மூன்று நாள் தங்கினாள். எங்கள் வரிசையில் நத்தாருக்கு முன் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிப்பது வழக்கம். அத்தான் போன பிறகு அக்கா வீட்டுக்கு மட்டும் யாரும் அடிக்கவில்லை. தெல்தெனியப் பாதையில் உள்ள சூளையிலிருந்து ஒரு சாக்குச் சுண்ணாம்பு கொண்டுவந்தேன்.

முதல் நாள் முழுவதும் தேங்காய்ப் பொச்சு நாரால் கரியைச் சுரண்டினேன். என் பல்லெல்லாம் கரி. இரண்டாம் நாள் ஒரு பூச்சு. அடுத்த நாள் இரண்டாம் பூச்சு. முன்னறை, அடுப்பங்கரை, அடுப்பு மேடை, சாமான் பலகை, படிகள் முழுவதும். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பொண்ணு கிண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டாள். "இந்தக் கைக்கு வேலையும் தெரியுமான்னு இன்னிக்கித்தான் பாத்தேன்" என்றும் சொன்னாள். கோப்பைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பழைய ஆணிகளிலேயே மாட்டினேன். பாய் போடும் இடத்தில் புது வெள்ளைத் துணி விரித்தேன். அந்த வீடு வண்ணான் வெளுத்த துணி போல இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா வந்து வாசலில் நின்றாள். நிலைக்காலில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னேர வெயில் உள்ளே விழுந்து சுவரெல்லாம் பளபளத்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"சுண்ணாம்பு வாசம்" என்றாள்.

"அடிச்சிட்டேன்க்கா."

"முழுக்கவா?"

"முழுக்க."

"அடுப்பங்கரையும்?"

"ரெண்டு பூச்சு."

அக்கா கையை நீட்டி என் தலையைத் தேடிப் பிடித்து மயிரைக் கலைத்தாள். "முடிச்சிட்டியேடா!" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எந்தம்பி வெள்ளையடிச்சிருக்கான்" என்று சத்தமாகச் சொன்னாள். உள்ளே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுவர் நல்லா வழுவழுன்னு இருக்கா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம். முதல் வாரத்தில் படியில் சறுக்கி முழங்கால் தோல் போயிற்று. இரண்டு கோப்பை விழுந்து எனாமல் உடைந்தது. ஒரு காலை மாவுப் பானையில் அகப்பையை விடுவதற்குப் பதில் பக்கத்து வெள்ளைப் பலகையில் விட்டு, பானையையே தள்ளிக் கவிழ்த்தாள். "உடம்பு சரியில்லடா, பனி" என்று சொல்லி இரண்டு நாள் ஆப்பம் சுடாமல் இருந்தாள். அடிக்கடி அடுப்பங்கரைக் கதவுப் பக்கம் போய் நிற்பாள். நான் என்ன நினைத்தேன்? நரம்பு இன்னும் வாடிவிட்டது என்று நினைத்தேன். டொக்டர் கைவிட்ட கண் அல்லவா, நாம் என்ன செய்தாலும் இதுதான் என்று நினைத்தேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

நத்தார் அன்று பூசை முடிந்து கொழுந்தனார், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அக்கா கதிரைகளை முந்தின நாளே போட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைத்திருந்தாள். கேக் துண்டுகள் எங்கே, கொக்கிஸ் பலகாரம் எங்கே, கோப்பிக் கேத்தல் எங்கே என்று அடியெண்ணி நடந்து பழகியிருந்தாள். நன்றாகத்தான் தொடங்கியது. கேக் தட்டைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். கொழுந்தனார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வீடு பளிச்சின்னு இருக்கு மச்சான்" என்றார்.

அக்கா அடுப்பங்கரைக்குப் போய்க் கேத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் கொழுந்தனாரின் மனைவி, கை வலிக்கிறதென்று, குழந்தையைச் சுவரோரம் நான் விரித்திருந்த துணியில் படுக்கவைத்திருந்தாள். ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. வெள்ளைத் துணி. பின்னால் என் வெள்ளைச் சுவர். அக்கா தான் எண்ணிவைத்திருந்த அடிகளையே நேராக வைத்து நடந்தாள்.

தாய்தான் முதலில் கத்தினாள். அக்காவின் கால் குழந்தையின் கையில் பட்டுவிட்டது. அவள் காலை வெடுக்கென்று இழுத்தபோது கேத்தல் சாய்ந்து, கோப்பி முழுவதும் அவள் பாதத்தில் கொட்டியது. குழந்தையின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. அக்கா கேத்தலை விடாமல் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்று, "எங்க இருக்கு? புள்ள எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கால் வெந்தது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

"காலடியிலதானே மதினி கெடந்துச்சு. தெரியலியா?" என்றார் கொழுந்தனார்.

"தெரியல" என்றாள் அக்கா.

குழந்தையின் கைக்கு ஒன்றுமில்லை. சிவந்து மாறிவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. கொழுந்தனார் எழுந்து கேத்தலை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "மதினி, துணிமணிய எடுத்து வைங்க" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, அவள் சாமான்களை நான் மூட்டை கட்டினேன். கோப்பைகளைச் சுவரில் தேடினேன். எனக்கே ஒரு கணம் தட்டுப்படவில்லை. வெள்ளையில் வெள்ளை. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. "ஒண்ணக் காணோமேக்கா" என்றேன்.

அவள் எழுந்து நொண்டிக்கொண்டு போனாள். எதையும் பிடிக்காமல், எதையும் தடவாமல், நேரே அடுப்பங்கரைக் கதவை இழுத்து அதன் பின்னால் கை நீட்டி அந்தக் கோப்பையை எடுத்தாள். கதவு எப்போதும் சுவரோடு சாய்ந்து கிடக்கும். வெள்ளையடிக்கும்போது அதை நான் நகர்த்தவில்லை. பின்னால் ஒரு முழ அகலத்துக்குப் பழைய கரிச்சுவர் அப்படியே இருந்தது. அதில் ஓர் ஆணி. அந்த ஆணியில்தான் அவள் தன் கோப்பையை மாட்டிவைத்திருந்தாள்.

ஐயாவின் தலை சுவரோடு சேர்ந்துபோனது, கறுப்புப் பானைக்கு மாறிய மாவு, கத்திப் பிடியில் வெள்ளைத் துணி, எல்லாம் ஒன்றாக வந்து என் முன் நின்றன. நான் வாயைத் திறக்குமுன் கொழுந்தனார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தெருவில் வைத்து அவரிடம் சொன்னேன்: "கண்ணு இல்ல மச்சான், சுவருதான் காரணம். நான் மறுபடி கறுப்பாக்கிடுறேன்." அவர் என் தோளில் தட்டினார். நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அவர்கள் போன பிறகு பச்சை விறகும் ஈர ஓலையும் போட்டு அந்த அடுப்பை மூன்று நாள் எரித்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வரிசை முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அம்மா, "அன்னிக்கி வெள்ளையடிச்ச, இன்னிக்கிப் பொகையடிக்கிற, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டுபோச்சா?" என்று சண்டைக்கு வந்தாள். மூன்று நாள் புகையில் சுவர் மஞ்சளானதே தவிர கறுக்கவில்லை. அந்தக் கரிக்கு எத்தனையோ வருட ஆப்பம் வேண்டியிருந்தது. நாலாம் நாள் வீட்டுக்காரர் வந்து வேறு குடும்பத்துக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார். அவர்கள் முதல் வேலையாக மறுபடி வெள்ளையடித்தார்கள்.

தை மாதக் கடைசியில் ஹந்தானைக்கு ஏறினேன். மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்துக் காம்பராவில் சுவர்கள் கரியாகத்தான் இருந்தன. அவளுக்கு அங்கே பார்ப்பதற்கு நிறையத் தெரிந்திருக்கும். ஆனால் செய்ய ஒன்றும் இல்லை. அவள் எழுந்தால், "ஒக்காருங்க மதினி" என்பார்கள். தண்ணீர் எடுக்கப் போனால், "நாங்க எடுத்துத் தர்றோம், ஒக்காருங்க" என்பார்கள். குழந்தையை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமலே, அழாமல் வைத்துக்கொள்ளும் வேலையை மூத்த பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கா வாசலோரம் ஒரு சாக்கின் மேல், வெந்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் ஆறிவிட்டிருந்தது. தோல் வெள்ளையாக இருந்தது.

"அன்னிக்கி வந்து நின்னப்பவே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லயா?" என்று கேட்டேன்.

"ஆமா. உள்ள ஒண்ணுமே இல்ல. பால்ல முங்குன மாதிரி இருந்துச்சு."

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா மறுநாளே கரியப் பூசியிருப்பேனே."

அவள் என் காதைப் பார்த்தாள். "நீ பொறந்ததுலருந்து ஒரு வேலைய முழுசா முடிச்சு நான் பாத்ததில்லடா. அன்னிக்கித்தான் முடிச்சிருந்த. ஒங்கொரல்லயே தெரிஞ்சுச்சு. அதப் போயி எப்பிடி..." என்று நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். "அதுலயும் கதவுக்குப் பின்னால விட்டுட்ட."

கொழுந்தனாரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்குக் கையில் கொடுத்தாள். அக்காவின் விரல்களைப் பிடித்துப் பிரித்து, கோப்பையை அதற்குள் வைத்து, மறுபடி மூடிவிட்டாள். "சூடு, பாத்து" என்றாள். அக்கா மறுபேச்சுப் பேசாமல் குடித்தாள்.

அன்றே மலை இறங்கினேன். மாசியில் தெல்தெனிய வண்டியோடு போனேன். அந்தப் பாதையில் சுண்ணாம்புச் சூளை வரும்போது வண்டியின் மறுபக்கம் போய் நடப்பேன். அக்கா அந்தச் சாக்கின் மேல் இன்னும் நாலு வருடம் இருந்தாள்.